ஓடச் சொன்னோம்... எங்கே ஓடுவது என்று கேட்டோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு என் கிளினிக்குக்கு ஒரு அக்கா வந்தார். வயது 52. ஆசிரியை. சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் எல்லையில் நிற்கிறது, எடை கூடிவிட்டது. எல்லா டாக்டர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மாத்திரை எழுதினேன். அதற்குக் கீழே "தினமும் காலை 45 நிமிடம் வேக நடை, முடிந்தால் மெல்லோட்டம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு!

விடியாத நேரம். நடைபாதையில் ஒரு சிமென்ட் பலகையைக் காணோம். பள்ளத்தில் விழாமல் இருக்க ரோட்டில் இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த பைக் இடித்துவிட்டது.

"என்னம்மா இப்படி ஆயிடுச்சு" என்றேன். சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "சார், நீங்க ஓடுன்னு எங்கிட்ட சொன்னீங்க. ரோட்டுகிட்ட சொல்லலையே!"

அந்த வார்த்தை இன்று வரை என்னைக் குடைகிறது. பல வருடமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு "நடங்க, ஓடுங்க" என்று எழுதியிருக்கிறேன். ஒருவரிடம்கூட "எங்கே ஓடுவீங்க?" என்று கேட்டதில்லை.

இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் கேட்க ஆரம்பித்தது எப்போது என்று தேடப் போனேன். அது என்னை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பெய்ஜிங்குக்கும் கூட்டிப்போனது. வாருங்கள், நீங்களும் கூட வாருங்கள்.

🔴 லண்டன், 1952

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. கடுங்குளிர். லட்சக்கணக்கான வீடுகளில் கணப்பு அடுப்புக்கு நிலக்கரி எரிகிறது. நகரத்துக்குள்ளேயே இருந்த மின் நிலையங்களிலும் நிலக்கரிதான்.

சாதாரணமாகப் புகை மேலே போய்க் கலைந்துவிடும். அந்த வாரம் போகவில்லை. காரணம், தரைக்கு அருகே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போல உட்கார்ந்துகொண்டது. பானைக்குத் தட்டு போட்டு மூடியது மாதிரி. காற்று வீசவும் இல்லை. கந்தகப் புகையும் பனியும் கலந்து ஐந்து நாள் நகரத்தின் மேல் நின்றது.

தன் காலடியே கண்ணுக்குத் தெரியாமல் மக்கள் தடவித் தடவி நடந்தார்கள். அரங்குக்குள் புகை புகுந்ததால் ஓர் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். பேருந்துகளுக்கு வழி தெரியவில்லை. கண்டக்டர்கள் கீழே இறங்கி, கையில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்து வழி காட்டினார்கள்.

இந்தக் கண்டக்டர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்கள்.

இன்னொரு காட்சியும் உண்டு. அந்த வார இறுதியில் கால்பந்து ஆட்டங்களை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வருடாந்திர நெடுந்தூர ஓட்டம் மட்டும் விம்பிள்டன் காமன் திடலில் நடந்தே தீர்ந்தது! வழி தெரியாத ஓட்டக்காரர்களுக்காக நடுவர்கள் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டே நின்றார்களாம்.

அந்த இளைஞர்களின் நுரையீரலுக்குள் என்ன போயிருக்கும் என்று ஒரு டாக்டராக யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கணக்கு எளிது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு சுமார் 6 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். நன்றாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். அதாவது பத்து மடங்கு. அதோடு மூக்கு போதாமல் வாயாலும் மூச்சு வாங்குவோம். தூசியை வடிகட்டும் மூக்கின் வேலை பாதி போச்சு. நல்ல காற்றில் ஓடினால் பத்து மடங்கு நல்ல காற்று. கெட்ட காற்றில் ஓடினால் பத்து மடங்கு விஷம். உடம்புக்கு வித்தியாசம் பார்க்கத் தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

டிசம்பர் 9-ம் தேதி காற்று வீசி, புகை கலைந்தது. அப்போது போட்ட கணக்கில் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர். அதற்கடுத்த வாரங்களில் நடந்த மரணங்களை ஆரம்பத்தில் ஃப்ளூ காய்ச்சலின் தலையில் கட்டிவிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அதையும் சேர்த்து, மொத்தம் 12,000 வரை இருக்கலாம் என்கின்றன.

🔴 அதே லண்டன், ஒரே வருடம் கழித்து

1953 நவம்பரில் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியது ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும்.

அந்தக் காலத்தில் மாரடைப்பு வேகமாகக் கூடிக்கொண்டிருந்தது. ஏன் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. வேலைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருக்குமோ என்று மோரிஸுக்குச் சந்தேகம். லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான ஒப்பீடு! ஒரே பஸ். கிட்டத்தட்ட ஒரே மாதிரி குடும்பப் பின்னணி. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள்.

முடிவு என்ன? டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிரைப் பறிப்பது குறைவு.

இன்று நாங்கள் "நடங்க, ஓடுங்க" என்று சொல்வதற்கெல்லாம் மூல வேர் இந்த ஆய்வுதான். அதற்கு முன்பு உடற்பயிற்சியை மருந்து மாதிரி எண்ணிக்கையில் அளந்து காட்டியது அரிது.

மோரிஸ் ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யவில்லை. தானும் லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய பசுமைத் திடலில் ஓட ஆரம்பித்தார். ஒரு பெரிய மனுஷன் கோட்டைக் கழற்றிவிட்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. அந்த ஆள் 99 வயது வரை வாழ்ந்தார்!

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1952-ல் லண்டன் காற்று ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1953-ல் அதே லண்டனில் இருந்து "உடம்பை அசைத்தால் இதயம் பிழைக்கும்" என்ற செய்தி வந்தது. உடம்பை அசை என்றது மருத்துவம். எந்தக் காற்றில் என்று அது அன்றைக்குச் சொல்லவில்லை. நான் அந்த அக்காவுக்கு எழுதிய சீட்டு இந்தப் பாதிச் செய்திதான்.

🔴 ஒரு மருத்துவ மாணவரின் மதிய இடைவேளை

அதே வருடங்களில் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ரோஜர் பேனிஸ்டர். ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓட மனிதனால் முடியாது என்று பலர் நினைத்திருந்த காலம். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடிக் காட்டினார்.

உலகம் இந்தச் சாதனையை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் எங்கே பயிற்சி எடுத்தார்? மருத்துவமனையில் இருந்து போய்வரும் தூரத்தில் பேடிங்டன் பொது விளையாட்டுத் திடல் இருந்தது. மதிய இடைவேளையில் அங்கே போய் ஓடிவிட்டு வார்டுக்குத் திரும்பிவிடுவார். நெரிசலான நகரத்தின் நடுவில் ஒரு பொதுத் திடல் இல்லையென்றால், வார்டு வேலையும் படிப்பும் இருக்கும் ஒரு மாணவர் தினமும் எங்கே போய் ஓடியிருப்பார்?

பேனிஸ்டருக்கு அன்று வேகம் கொடுத்து முன்னால் ஓடிய இருவரில் ஒருவர் கிறிஸ் பிராஷர். இந்தப் பெயரும் திரும்ப வரும்.

1956-ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் புகை வரும் எரிபொருளுக்குத் தடை. அடுப்பை மாற்ற மக்களுக்கு அரசு பணம் உதவியது. லண்டன்வாசிகள் தனித்தனியாகத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு தீர்த்த பிரச்சினை இல்லை இது. சட்டம் வந்தது, அடுப்பு மாறியது, மெல்ல மெல்லக் காற்று மாறியது.

நிலக்கரிப் புகை போனது. அதன் இடத்துக்கு வேறொன்று வந்துகொண்டிருந்தது: கார்.

🔴 நியூயார்க்: பூங்காவுக்குள் புகுந்த கார்

1960களில் ஓட்டம் விளையாட்டு வீரர்களிடம் இருந்து சாதாரண மனிதர்களுக்கு வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் நடுத்தர வயதுக்காரர்களை மெதுவாக ஓடப் பழக்கினார். அதைப் போய்ப் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், ஊருக்குத் திரும்பி ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார். அமெரிக்கா ஓட ஆரம்பித்தது.

ஆனால் தெருக்கள் தயாராக இல்லை. ஒரு வளர்ந்த மனிதன் துரத்தல் ஏதும் இல்லாமல் ரோட்டில் ஓடினால் போலீஸ் நிறுத்தி விசாரிக்கும் காலம் அது.

நியூயார்க்கில் ஓடுபவர்களுக்கு ஒரு புகலிடம் சென்ட்ரல் பார்க். 1858-ல் அதை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார்கள். நகரத்தின் குறுக்குப் போக்குவரத்துக்கென நான்கு சாலைகளைப் பூங்காவின் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாகத் தோண்டிக் கொண்டுபோனார்கள். வண்டிகள் கீழே, மக்கள் மேலே. மோட்டார் காரே வராத காலத்தில் போட்ட திட்டம் இது!

ஆனாலும் 1899-ல் பூங்காவின் உள்சாலைகளுக்குள் கார்கள் அனுமதிக்கப்பட்டன. குதிரை வண்டியில் உலாவ அமைத்த பாதை, ஆபீஸ் போகிறவர்களின் குறுக்கு வழியாக மாறிவிட்டது. 1966-ல்தான் வார இறுதியில் குறிப்பிட்ட நேரம் அந்தச் சாலைகளில் கார்களை நிறுத்தி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் 1970 செப்டம்பர் 13 அன்று முதல் நியூயார்க் மாரத்தான் நடந்தது. முழுக்க முழுக்கப் பூங்காவுக்குள்ளேயே, நான்கு சுற்றுக்கும் மேல். நுழைவுக் கட்டணம் 1 டாலர். பதிவு செய்தவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55 பேர். ஜெயித்த கேரி மர்க்கி ஒரு தீயணைப்பு வீரர். இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து ஓடியவர்!

ஓடிய ஒரே பெண் நீனா குஸ்சிக். உடல்நலம் சரியில்லாமல் பாதியில் நிறுத்தினார். இரண்டே வருடத்தில், 1972-ல், அவரோடு மொத்தம் ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டுக்கு வந்தார்கள். தடகள அமைப்பின் விதியோ, பெண்கள் ஆண்களுக்கு 10 நிமிடம் முன்பே தனியாகக் கிளம்ப வேண்டும் என்றது. துப்பாக்கி சுட்டது. ஆறு பேரும் ஓடவில்லை. கோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்! 10 நிமிடம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி சுட்டதும் எழுந்து எல்லோரோடும் ஓடினார்கள். அவர்கள் நேரத்தோடு 10 நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தார்கள் அதிகாரிகள். ஆனால் அந்த விதி அதற்கப்புறம் நிலைக்கவில்லை.

1976. நியூயார்க் மாநகராட்சி கிட்டத்தட்டத் திவாலாகும் நிலை. குற்றங்கள் அதிகம். அந்த நேரத்தில், மாரத்தானைப் பூங்காவை விட்டு வெளியே எடுத்து நகரத்தின் ஐந்து பகுதிகள் வழியாகவும் நடத்தினால் என்ன என்று ஒரு யோசனை. அமைப்பாளர் ஃபிரெட் லீபோவுக்கே முதலில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நடந்தது. 2,000 பேருக்கு மேல் ஓடினார்கள். கார்களுக்கென்றே இருந்த பாலங்களும் தெருக்களும் சில மணி நேரம் கால்களுக்கு வந்தன.

ஜெயித்தவர் பில் ராட்ஜர்ஸ். ஓடி முடித்துவிட்டு வந்து பார்த்தால் அவர் காரைக் காணோம். தவறான இடத்தில் நிறுத்தியதாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! 😀

🔴 பூங்கா என்றாலே பாதுகாப்பா?

சிரித்துவிட்டோம். இனி சொல்வது சிரிக்கும் விஷயம் இல்லை.

1989 ஏப்ரல் 19 இரவு, சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன 28 வயதுப் பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளாகி, சாகும் நிலையில் கண்டெடுக்கப்பட்டார். கறுப்பின, லத்தீன் அமெரிக்கச் சிறுவர்கள் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2002-ல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான், மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்தது. ஐந்து பேரும் நிரபராதிகள். வாழ்க்கையின் முக்கியமான வருடங்களைச் சிறையில் தொலைத்துவிட்டார்கள்.

பிழைக்கவே மாட்டார் என்று நினைத்த அந்தப் பெண் மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டு, 1995-ல் நியூயார்க் மாரத்தானையே ஓடி முடித்தார்.

ஒரு ஆண் டாக்டராக நான் "அதிகாலையில் ஓடுங்க" என்று சொல்லும்போது, எதிரில் இருக்கும் பெண்ணின் மனதில் என்னென்ன ஓடும் என்று யோசித்ததே இல்லை. ஆணுக்கு நேரம் மட்டும்தான் பிரச்சினை. பெண்ணுக்கு வெளிச்சம், ஆள் நடமாட்டம், என்ன உடை, பின்னால் வரும் பைக் சத்தம், எல்லாமே பிரச்சினை. "அவங்களுக்கு சோம்பேறித்தனம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

சென்ட்ரல் பார்க் கதையின் முடிவு: கார் இல்லாத நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 2018 ஜூன் மாத இறுதியில் பூங்காவின் உள்சாலைகளில் கார்கள் முழுவதுமாக நிறுத்தப்பட்டன. பள்ளத்தில் போகும் அந்த நான்கு பழைய சாலைகளில் மட்டும் இன்றும் வண்டிகள் போகின்றன. 1899-ல் உள்ளே வந்த காரை வெளியேற்ற 119 வருடம் ஆனது!

🔴 மறுபடி லண்டன்... பிறகு பெய்ஜிங்

கிறிஸ் பிராஷரை ஞாபகம் இருக்கிறதா? அவர் 1979-ல் நியூயார்க் மாரத்தானில் ஓடினார். வழியெல்லாம் நின்று யார் எவர் என்று பார்க்காமல் உற்சாகப்படுத்திய மக்களைக் கண்டு அசந்துபோனார். எங்கள் ஊரில் இப்படி முடியுமா என்ற கேள்வியோடு திரும்பி, 1981 மார்ச் 29 அன்று முதல் லண்டன் மாரத்தானை நடத்திவிட்டார். 6,000 பேருக்கு மேல் ஓடி முடித்தார்கள். புகையில் வழி தெரியாமல் நடுவர்கள் கத்திய நாளில் இருந்து 29 வருடம்.

ஆனால் காற்றுப் பிரச்சினை தீர்ந்ததா? ஊர் மாறியது, அவ்வளவுதான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். மாரத்தான் உலக சாதனை அப்போது எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரிசெலாசி கையில். அவருக்கு ஆஸ்துமா உண்டு. பெய்ஜிங் காற்றில் 42 கிலோமீட்டர் ஓடினால் உடம்பு தாங்காது என்று சொல்லி மாரத்தானில் இருந்து விலகினார். 10,000 மீட்டர் மட்டும் ஓடினார். உலகத்தின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரருக்கே "எங்கே ஓடுவது" என்ற கேள்வி வந்துவிட்டது!

சீன அரசு என்ன செய்தது? ஒற்றைப்படை எண் வண்டி ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள் என்று பாதிக் கார்களை ரோட்டில் இருந்து எடுத்தது. பல தொழிற்சாலைகளை மூடியது. காற்று மேம்பட்டது.

அந்தச் சந்தர்ப்பத்தை ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெய்ஜிங்கில் 125 ஆரோக்கியமான இளம் மருத்துவர்களின் ரத்தத்தை ஒலிம்பிக்ஸுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் சோதித்தார்கள். காற்று சுத்தமாக இருந்த வாரங்களில், ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் சில குறியீடுகள் குறைந்தன. போட்டி முடிந்து கார்கள் திரும்பியதும் அவையும் ஏறின. 2012-ல் வெளியான ஆய்வு இது.

மாத்திரை இல்லை, டயட் இல்லை. ரோட்டில் கார் குறைந்தது, டாக்டர்களின் ரத்தமே மாறியது!

நம் நாட்டிலும் இது நடந்தது. 2017 நவம்பரில் டெல்லியில் மூச்சு முட்டும் புகை. இந்திய மருத்துவச் சங்கம் அதைப் பொது சுகாதார நெருக்கடி என்று அறிவித்து, 19-ம் தேதி நடக்க இருந்த அரை மாரத்தானைத் தள்ளிவைக்கக் கேட்டது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஓட்டம் நிற்கவில்லை. பலர் முகமூடி போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

🔴 பஸ்ஸில் ஆரம்பித்தது பஸ்ஸிலேயே வந்து நிற்கிறது

இப்போது கண்டக்டர்களிடம் திரும்புவோம்.

லண்டனில் ஆராய்ச்சியாளர்கள், 60 வயதைத் தாண்டிய 119 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலருக்கு நுரையீரல் நோய், சிலருக்கு இதய நோய். ஒவ்வொருவரும் ஒரு நாள் ஹைட் பார்க் பூங்காவில் 2 மணி நேரம் நடக்க வேண்டும். வேறொரு நாள் ஆக்ஸ்போர்டு தெருவில் அதே 2 மணி நேரம். அந்தத் தெருவில் சாதாரண கார்களுக்கு அனுமதி இல்லை. டீசல் பஸ்களும் டாக்சிகளும்தான்.

பூங்காவில் நடந்தவர்களுக்கு நுரையீரல் செயல்திறன் கூடியது, ரத்தக் குழாய்களின் விறைப்பு குறைந்தது. தெருவில் நடந்தபோது? அதே கால், அதே தூரம், அதே வியர்வை. ஆனால் அந்தப் பலன் பெருமளவு காணாமல் போனது.

கட்டுரை அச்சில் வந்தது 2018-ல். எந்த இதழில் தெரியுமா? அதே லான்செட்!

1953-ல் லண்டன் பஸ்ஸுக்குள் ஏறி இறங்கியவரை வைத்து "அசைந்தால் பிழைப்பாய்" என்று சொன்ன இதழ், 65 வருடம் கழித்து லண்டன் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நடந்தவரை வைத்து "எங்கே அசைகிறாய் என்பதும் மருந்தில் சேர்த்தி" என்று சொல்லியிருக்கிறது. என் சீட்டில் எழுதாமல் விட்ட மீதிப் பாதி இதுதான்.

🔴 அப்போ ஓடவே கூடாதா டாக்டர்?

இல்லை இல்லை! இதைப் படித்துவிட்டு ஷூவைப் பரண் மேல் போட்டுவிடாதீர்கள். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, உலகின் பெரும்பாலான நகரங்களில் நடப்பதாலும் சைக்கிள் ஓட்டுவதாலும் வரும் நன்மை, அப்போது சுவாசிக்கும் மாசின் தீமையைவிட அதிகம். சோபாவில் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு இல்லை. டிரைவர்களின் கதையைத்தான் பார்த்தோமே.

நாம் செய்யக்கூடியவை:

👉 மெயின் ரோட்டை விட்டு ஒரு தெரு உள்ளே போங்கள். புகை சாலை ஓரத்தில்தான் அதிகம். சில பத்து மீட்டர் தள்ளினாலே கணிசமாகக் குறையும்.

👉 மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 100-க்குள் இருந்தால் தாராளமாக ஓடலாம். 200-ஐத் தாண்டினால் அன்றைக்கு வீட்டுக்குள் பயிற்சி. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் 100-ஐத் தாண்டினாலே வேகத்தைக் குறையுங்கள். போகிப் பண்டிகை காலையில் ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

👉 குளிர்காலத்தில் விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நினைக்காதீர்கள். அந்த 1952 மூடி ஞாபகம் இருக்கட்டும். வெயில் ஏறியதும் அது கலையும்.

👉 கோடையில் நேர்மாறு. வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். ஓடும்போது குழப்பம், தள்ளாட்டம் வந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், மருத்துவமனை.

👉 ரோட்டில்தான் ஓட வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை. காதில் பாட்டு வேண்டாம்.

👉 நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி.

👉 நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது இடது கை வலி, மயக்கம் வந்தால் "இன்னும் ஒரு ரவுண்டு" கிடையாது. நிறுத்துங்கள்.

இவை எல்லாமே தனி ஆள் செய்யக்கூடியவை. ஆனால் இந்த வரலாறு முழுக்கப் பாருங்கள். லண்டன் காற்று மாறியது சட்டத்தால். சென்ட்ரல் பார்க் மாறியது பல பத்தாண்டு கேட்டுக் கேட்டு. பெண்கள் விதி மாறியது ஆறு பேர் தரையில் உட்கார்ந்ததால்.

நமக்கும் ஆரம்பம் உண்டு. 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் தெருவுக்கும் அது வர வேண்டும் என்றால் கேட்க வேண்டும்.

🔴 கடைசியாக, அந்த அக்கா

கட்டுப் பிரித்த பிறகு வந்தார். இந்த முறை நான் சீட்டு எழுதும் முன் கேட்டேன். "எங்கம்மா நடப்பீங்க?"

வீட்டுக்கு அருகில் ஒரு பூங்கா இருக்கிறதாம். ஆனால் காலை 6 மணிக்குத்தான் கதவு திறக்கும். அவர் ஆறரைக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். அதனால்தான் ரோட்டில் நடந்திருக்கிறார்.

அத்தனை மாதமும் பிரச்சினை அவருடைய முழங்காலிலோ மனசிலோ இல்லை. ஒரு பூட்டில் இருந்தது!

தெருவில் நடக்கும் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு மனு எழுதினார். "நடைப்பயிற்சி இவர்களுக்கு மருத்துவ ரீதியாக அவசியம்" என்று நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை அலைந்தார்கள். இப்போது அந்தப் பூங்கா 5 மணிக்குத் திறக்கிறது. உள்ளே விளக்கும் எரிகிறது.

நான் எழுதிய மருந்துச் சீட்டுகளில் அதிகம் பேருக்குப் பலன் கொடுத்தது அந்தக் கடிதமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று என் சீட்டில் "45 நிமிடம் வேக நடை" என்ற வரிக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறது: "இடம்: ______". அதை நோயாளியிடம் கேட்டுத்தான் நிரப்புகிறேன்.

உங்கள் டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் ஓட நல்ல இடம் இருக்கிறதா? இல்லையென்றால் எந்தப் பூட்டு தடுக்கிறது? கீழே எழுதுங்கள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவராவது இதைப் படித்துக்கொண்டிருப்பார்.

நல்ல காற்றில் நிறைய ஓடுங்கள்! 🙏